இரண்டு வாட் சத்தம்

கலிஃபோர்னியாவில் மான்டரே பக்கத்து மலைகளுக்கு நடுவே இருக்கிறது லகூனா செகா பந்தயத் தளம். 1957-இல் திறந்தது. மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம், 11 வளைவுகள். ‘கார்க்ஸ்க்ரூ’ என்ற வளைவில் பாதை சட்டென்று இடமும் வலமுமாகத் திரும்பி ஐந்தாறு மாடி உயரம் கீழே இறங்கிவிடும். பந்தயம் இல்லாத நாட்களில் கட்டணம் செலுத்திவிட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சொந்தக் காரையே அங்கே ஓட்டலாம். இதற்குத்தான் டிராக் டே என்று பெயர். பரிசு கிடையாது, போட்டி கிடையாது. வண்டியை அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்க்க, எதிரே யாரும் வராத ஒரு பாதை கிடைக்கும், அவ்வளவுதான்.

அங்கே பலருக்கும் கார்க்ஸ்க்ரூவைவிடப் பெரிய கவலை, பாதையோரம் வைத்திருக்கும் ஒலிமானி. சில நாட்களைத் தவிர, 50 அடி தூரத்தில் 90 அல்லது 92 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. போனால் கறுப்புக் கொடி காட்டுவார்கள். திரும்பத் திரும்பப் போனால் அன்றைய ஓட்டம் முடிந்தது. லட்சக்கணக்கில் செலவழித்து, புகைக்குத் தடை குறைந்த ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டியவர்கள், ஒலிமானி இருக்கும் இடம் வரும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள். குழாயின் வாயை ஒலிமானிக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிடும் வளைந்த முனைகளை மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. சக்திக்காக வாங்கிய பொருள், சக்தி தேவைப்படும் இடத்தில் காலைத் தூக்கவைக்கிறது.

இந்த 92 டெசிபல் எவ்வளவு பெரியது? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 92 டெசிபல் என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒலியாற்றல் ஏறத்தாழ 0.0016 வாட். காரை நடுவில் வைத்து 50 அடி ஆரத்தில் ஓர் அரைக்கோளம் வரைந்தால் அதன் பரப்பு 1,450 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது 2.3 வாட். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பில் கால் பங்கு. அதே கணத்தில் அந்த இன்ஜின் சக்கரங்களை நோக்கி அனுப்புவது 1,50,000 வாட். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஆற்றல் 10 மடங்காகும். எனவே வண்டி 102 டெசிபலில் அலறினாலும் வெளியே போகும் ஒலி 23 வாட்தான். காது இவ்வளவு நுட்பமான உறுப்பாக இருப்பதால்தான் அந்தத் துளி ஆற்றல் நம் நெஞ்சை அதிரவைக்கிறது. சத்தம் கூடினால் சக்தி கூடிவிட்டது என்று உடம்பு நம்பிவிடுகிறது. சத்தமும் சக்தியும் ஒரே குழாய் வழியாக வருகின்றன என்பதைத் தவிர இரண்டுக்கும் நேரடிக் கணக்கு எதுவும் இல்லை. ஃப்ரீ ஃப்ளோ வாங்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

அப்படியானால் அந்தக் குழாய் இன்ஜினுக்கு என்னதான் செய்கிறது? பெட்ரோல் எரிந்து முடிந்ததும் மிச்சமிருக்கும் புகையை பிஸ்டன் மேலே ஏறி வெளியே தள்ள வேண்டும். வழி குறுகலாக இருந்தால் தள்ளுவதற்கே கொஞ்சம் சக்தி செலவாகும். குழாயை அகலமாக்கினால் அந்தச் செலவு குறையும். இது எளிய பகுதி. சுவையான பகுதி, குழாய்க்குள் ஓடும் அழுத்த அலை.

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். அது ஓர் அடிபோல் குழாய்க்குள் இறங்கி, புகையைவிட வேகமாக, அந்தச் சூட்டில் ஒலி எந்த வேகத்தில் செல்லுமோ கிட்டத்தட்ட அந்த வேகத்தில் ஓடுகிறது. நம் அறையில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். சிவக்கக் காயும் எக்ஸாஸ்ட் குழாயில் அது 600 மீட்டரைத் தொடும். அந்த அலை, நான்கு குழாய்களும் ஒன்றுசேரும் கலெக்டர் என்ற அகன்ற இடத்தை அடைந்ததும் ஒரு பகுதி திரும்பி வருகிறது. வரும்போது அதன் குணம் மாறிவிடும். போனது அழுத்தம், திரும்புவது உறிஞ்சல். இந்த உறிஞ்சல் அலை வால்வை வந்தடையும் நேரம் சரியாக அமைந்துவிட்டால், அதாவது எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள், இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிய அந்தச் சிறு இடைவெளியில் வந்துவிட்டால், சிலிண்டரில் தங்கிய பழைய புகையை அது வெளியே இழுக்கும். புதுக் காற்றும் பிஸ்டன் இறங்கும் முன்பே உள்ளே நகரத் தொடங்கிவிடும். ஒரு பம்ப் வைக்காமல், கூடுதல் பெட்ரோல் எரிக்காமல் கிடைக்கும் உதவி இது.

நேரம் அமையாவிட்டால்? குழாயின் நீளம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 2 மீட்டர். 600 மீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் முந்நூறில் ஒரு பங்கு. இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் சுழன்றால் அதற்குள் கிராங்க் 120 டிகிரி திரும்பியிருக்கும். 3,000 ஆர்பிஎம்மில் 60 டிகிரிதான் திரும்பியிருக்கும். ஒரே குழாய், ஒரே அலை. ஆனால் ஒரு வேகத்தில் வேளைக்கு வந்து கைகொடுக்கிறது, இன்னொரு வேகத்தில் முன்னதாகவே வந்து வீணாகிறது. எல்லா வேகத்துக்கும் பொருந்துகிற குழாய் என்று ஒன்று இருக்கவே முடியாது. நீளக் குழாய் குறைந்த வேகத்தில் இழுவையைத் தரும், குட்டைக் குழாய் உச்ச வேகத்தில் தரும். நான்கு குழாய்களை நேராக ஒன்றில் சேர்ப்பது, முதலில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிறகு ஒன்றாக்குவது என்ற இருவகை ஹெட்டர்கள் கடைகளில் கிடைப்பதும் இதனால்தான். முன்னது பொதுவாக மேல் வேகத்துக்கு, பின்னது நடு வேகத்துக்கு.

இதற்கு நல்ல உதாரணம் 2012-இல் வந்த டொயோட்டா 86. சுபாரு பிஆர்இசட் என்ற பெயரிலும் அதே கார் விற்பனையானது. இரண்டு லிட்டர் பாக்ஸர் இன்ஜின், அமெரிக்கச் சந்தையில் 200 குதிரைத்திறன். டிராக் டே செல்பவர்களின் செல்லப்பிள்ளை. ஆனால் 3,500 ஆர்பிஎம்மிலிருந்து 4,500 வரை அதன் டார்க் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். வளைவிலிருந்து வெளியேறும்போது ஓட்டுநர் மிதிப்பார், வண்டி ஒரு கணம் தயங்கும். ஹெட்டரை மாற்றி, இன்ஜினின் கணினியை அதற்கேற்ப ட்யூன் செய்தால் அந்தப் பள்ளம் பெருமளவு நிரம்பிவிடுவதை, சக்தியை அளக்கும் டைனோ கருவியின் வரைபடங்கள் காட்டின. அதே காரில் பின்பக்க சைலன்சரை மட்டும் மாற்றியவர்களுக்கு அந்தப் பள்ளம் அப்படியேதான் இருந்தது. அலை விளையாடும் இடம் இன்ஜினை ஒட்டிய முதல் ஒரு மீட்டர். பலரும் பணத்தைக் கொட்டும் இடமோ வண்டியின் வாலில் பளபளக்கும் கடைசி ஒரு மீட்டர்.

‘இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும், இல்லேன்னா பிக்கப் போயிடும்’ என்று மெக்கானிக் ஷெட்டுகளில் அடிக்கடி சொல்வார்கள். அவர்கள் கண்ட விளைவு உண்மை, காரணம்தான் வேறு. அளவுக்கு மீறி அகலமான குழாயை மாட்டினால் குறைந்த வேகத்தில் இழுவை குறைவது நடக்கக்கூடியதுதான். புகை அந்த அகலத்தில் மந்தமாகி, தன் பின்னால் இழுத்துச் செல்லும் வேகத்தை இழக்கிறது. அலைகளின் நேரமும் கெடுகிறது. எதிர் அழுத்தம் எந்த இன்ஜினுக்கும் நன்மை செய்வதில்லை. வேண்டியது வேகமும் நேரமும்.

பாக்ஸர் இன்ஜின் என்றதும் சுபாருவின் அந்தத் தடதடப்பு நினைவுக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். அந்த இன்ஜினில் நான்கு சிலிண்டர்களும் சம இடைவெளியில்தான் எரிகின்றன. 3,000 ஆர்பிஎம்மில் 10 மில்லிநொடிக்கு ஒரு வெடிப்பு. பழைய மாடல்களில் ஒரு பக்கத்துக் குழாய் நீளமாகவும் மறுபக்கத்துக் குழாய் குட்டையாகவும் இருந்தன. ஒரு குழாய் அரை மீட்டர் கூடுதலாக இருந்தாலே அதன் வழியே வரும் துடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிநொடி தாமதமாகும். ஒரு பக்கத்தில் இரண்டு, மறுபக்கத்தில் இரண்டு என்ற வரிசையில் எரிவதால், 10, 10, 10, 10 என்று வர வேண்டியது 10, 11, 10, 9 என்று வரும். அவ்வளவு சின்ன ஒழுங்குக் குலைவைத்தான் காது உருட்டல் என்று கேட்கிறது. பின்னாளில் சம நீளக் குழாய்கள் வந்தபோது ஓசை மென்மையானது; ரசிகர்கள் வருந்தினார்கள். 86-க்கும் சம நீள ஹெட்டர், சமமற்ற ஹெட்டர் இரண்டுமே கடைகளில் உண்டு. இரண்டாவதை வாங்குகிறவர் அந்த ஓசைக்காகத்தான் வாங்குகிறார். அதில் தவறில்லை. ஓசைக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

இனி வாலில் இருக்கும் சைலன்சர். அது சத்தத்தை இரண்டு வழிகளில் அடக்குகிறது. ஒன்று, துளைபோட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையையோ பசால்ட் இழையையோ அடைத்து வைப்பது. புகை நேராகப் போய்விடும், ஒலி பக்கவாட்டில் இழைகளுக்குள் புகுந்து வெப்பமாகக் கரையும். கீச்சென்ற உயர் ஒலிகளை இது நன்றாக விழுங்கும். இன்னொன்று, அறை அறையாகத் தடுத்து அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குவது. தாழ்ந்த ஒலிகளுக்கு இதுதான் சரி, ஆனால் புகைக்கும் கொஞ்சம் தடை. ஃப்ரீ ஃப்ளோ என்று விற்பவை பெரும்பாலும் முதல் வகை. அவற்றில் ஒரு சிக்கல்: டிராக்கில் மணிக்கணக்கில் கொதிக்கும் புகை பாய்ந்தால் உள்ளே இருக்கும் இழை மெல்ல மெல்லக் கருகி, பொடிந்து, குழாய் வழியாகவே பறந்துவிடும். வாங்கிய ஆண்டு ஒலிச்சோதனையில் தேறிய சைலன்சர் அடுத்தடுத்த ஆண்டுகளில் தேறாமல் போவது இதனால். இழையை மாற்றித் திணிக்கக்கூடிய, திருகு போட்டுத் திறக்கும் வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஃப்ரீ ஃப்ளோ மாட்டிய வண்டியில் நெடுஞ்சாலையில் போனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மண்டைக்குள் ‘ம்ம்ம்’ என்று ஒரு முழக்கம் குடைய ஆரம்பிக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 துடிப்புகளை வெளிவிடுகிறது. அந்த 100 ஹெர்ட்ஸ் ஒலியை இழை விழுங்குவதில்லை. காரின் உள்ளறையோ அதைக் கூட்டிக் காட்டுகிறது. இதற்கு ஓர் அழகான மருந்து உண்டு. பிரதானக் குழாயிலிருந்து, மறுமுனை அடைத்த ஒரு கிளைக்குழாயைப் பற்றவைப்பார்கள். அதன் நீளம் அந்த ஒலியலையின் கால் பங்கு. வால்பகுதியில் புகை 250 டிகிரி சூட்டில் இருந்தால் ஒலியின் வேகம் 450 மீட்டர். 100 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 4.5 மீட்டர், கால் பங்கு 112 சென்டிமீட்டர். கிளைக்குள் போய்த் திரும்பும் அலை, சரியாக அரை அலை பின்தங்கி வந்து, எதிரே வரும் அலையை அழித்துவிடும். புகை அந்தக் கிளைக்குள் போவதே இல்லை, எனவே தடையும் இல்லை. பள்ளி இயற்பியலில் ஒத்ததிர்வுக் குழாய் வைத்துச் செய்த சோதனை, ஒரு வெல்டரின் கையில் இப்படி வேலை செய்வதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

டர்போ வண்டிகளுக்குக் கதை வேறு. அலைகளையெல்லாம் டர்பைன் சக்கரம் கலைத்துவிடும். அதற்குப் பின்னால் குழாயை எவ்வளவு தாராளமாக விடுகிறோமோ அவ்வளவு நல்லது. ட்யூனும் சேர்ந்தால் அங்கே கணிசமான சக்தி கிடைப்பது உண்மைதான். அந்த ஆசையில்தான் பலர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே வெட்டியெடுக்கிறார்கள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடு, கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் பெருமளவு மாற்றிவிடுகிறது. அதை எடுத்துவிட்ட வண்டிக்குப் பின்னால் பள்ளிப் பிள்ளைகள் நடந்துபோவதை நினைத்துப் பார்த்தால், எத்தனை குதிரைத்திறன் கூடினாலும் அது எனக்குச் சம்மதமில்லை. அகன்ற கண்ணறைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டர்கள் கிடைக்கின்றன, தடையும் குறைவு. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ட்ரெய்லரில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு ஒரு நியாயம், அதே வண்டியில் அலுவலகம் போவதற்கு வேறு நியாயம்.

விற்பவர்கள் சொல்லும் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைலன்சரை மட்டும் மாற்றினால் ஐந்து, எட்டு பிஹெச்பி கூடும் என்று விளம்பரங்களில் பார்க்கிறோம். சென்னையில் மே மாதம் 40 டிகிரியில் ஒரு வண்டியை டைனோவில் ஏற்றுங்கள். டிசம்பர் காலையில் 22 டிகிரியில் எதையும் மாற்றாமல் மறுபடி ஏற்றுங்கள். குளிர்ந்த காற்றின் அடர்த்தி 6 சதவீதம் அதிகம். அதில் பாதி பலன் கிடைத்தாலே 150 பிஹெச்பி இன்ஜின் நான்கைந்து பிஹெச்பி கூடுதலாகக் காட்டிவிடும். வெப்பநிலைத் திருத்தம் போட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஒரே நாளில், ஒரே டைனோவில், முன்னும் பின்னும் எடுத்த வரைபடம் கேட்க வேண்டும். உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல் வளைகோடு முழுவதையும் பார்க்க வேண்டும். எடைக் குறைவு இன்னும் நம்பகமான லாபம். டைட்டானியத்தின் அடர்த்தி எஃகைவிட நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைவு. 1,300 கிலோ வண்டியில் 10 கிலோ குறைந்தால், 200 குதிரைத்திறனில் ஒன்றரைக் குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம். பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும்கூட அந்தப் பலன் கிடைக்கும்.

டிராக்கில் வண்டியை நிஜமாகவே சோதிப்பது பிரேக்தான். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் பாதையோ, கோவை செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயோ, எங்கே போனாலும் இதே கதைதான். 1,300 கிலோ வண்டியை 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்குக் கொண்டுவர 11 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். மூன்று நொடியில் அதைச் செய்தால் 350 கிலோவாட்டுக்கு மேல். இன்ஜினின் உச்ச சக்தியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். லேப்புக்கு லேப் இது தொடரும்போது பிரேக் ஆயில் கொதிக்கிறது. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் குடித்துப் பழசானால் அது 155 டிகிரிவரை இறங்கலாம். ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற அந்த ஆயில் மாற்றத்தைச் செய்யாமல் லட்ச ரூபாய் சைலன்சரோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. அடுத்தது டயர், அதற்கடுத்தது பக்கத்து இருக்கையில் ஒரு நல்ல பயிற்சியாளர். லேப் நேரம் குறைவது இந்த வரிசையில்தான். சைலன்சர் இந்த வரிசையில் வெகு பின்னால்.

காதையும் மறக்க வேண்டாம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். டிராக் டேயில் ஒரு செஷனே அவ்வளவு நேரம் ஓடும். ஹெல்மெட்டுக்குள் காதடைப்பான் வைத்துக்கொள்வதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

பாதைக்கு வெளியே இருக்கும் காதுகளின் கதை இன்னும் பழையது. இங்கிலாந்தில் வெய்பிரிட்ஜ் அருகே 1907-இல் திறந்த புரூக்லண்ட்ஸ், மோட்டார் பந்தயத்துக்கென்றே கட்டிய உலகின் முதல் தளம். சுற்றிலும் வீடுகள் பெருகின. சத்தம் தாங்காமல் குடியிருப்பவர்கள் 1920-களில் நீதிமன்றம் போனார்கள். அதன் விளைவாக அங்கே ஓடும் வண்டிகளுக்கு சைலன்சர் கட்டாயமானது. நீண்ட டப்பா ஒன்று, அதன் முனையில் மீன் வால்போல் தட்டையாக விரிந்த குழாய். ‘புரூக்லண்ட்ஸ் கேன்’ என்று இன்றும் பழைய கார்ப் பிரியர்கள் அதைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். பந்தயக்காரர்கள் அன்று முணுமுணுத்திருப்பார்கள். அந்த விதி வந்து ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து, 1935 அக்டோபரில், ஜான் காப் 24 லிட்டர் நேப்பியர்-ரெயில்டன் காரில் அந்தத் தளத்தை மணிக்கு 143.44 மைல் சராசரியில், அதாவது 230 கிலோமீட்டருக்கு மேல், ஒரு சுற்று வந்தார். 1939-இல் போர் வந்து தளம் மூடும்வரை அதை யாராலும் முறியடிக்க முடியவில்லை.